கோட்டுக்கு வெளியே கட்டாதே, உள்ளே கட்டு: ஓரிகன் நிலச் சட்டத்தின் ஐம்பது வருஷம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரத்தை ஒட்டிய ஹில்ஸ்பரோ பக்கம் வேலை கிடைத்துப் புதிதாக வரும் நம்மூர்க் குடும்பங்கள் வீடு தேட ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே, இதில் வீடு கட்டவிட்டால் விலை இறங்காதா?" நியாயமான கேள்வி. டவுன்ஹோம்கள் நெருக்கியடித்து நிற்கும் தெருக்களைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் போனால், ஒரு சாலையோடு வீடுகள் சட்டென்று நின்றுவிடும். சாலைக்கு அந்தப் பக்கம் கோதுமை, க்ளோவர், வரிசை பிடித்த ஹேசல்நட் மரங்கள், நடுவில் சாயம் போன ஒரு மரக்கொட்டகை. கல் நட்டு வைத்த மனைகள் இல்லை, ப்ளாட் விற்பனை போர்டு இல்லை. இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் வயல், அவ்வளவுதான்.

அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை. அமெரிக்காவில் விளையும் ஹேசல்நட் கிட்டத்தட்ட முழுவதும் ஓரிகனில்தான் விளைகிறது, அதில் பெரும்பகுதி இந்த வில்லமெட் பள்ளத்தாக்கில். அந்தச் சாலைதான் கோடு. நகர வளர்ச்சி எல்லை என்று அதற்குப் பெயர். ஓரிகனில் ஒவ்வொரு நகரத்தைச் சுற்றியும் இப்படி ஒரு கோடு இருக்கிறது, சின்ன ஊரோ பெரிய ஊரோ விதிவிலக்கு கிடையாது. இந்தக் கோட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், திட்டுகிறவர்களும் புகழ்கிறவர்களும். ஆனால் 1973இல் போட்ட சட்டமும் அதன்கீழ் வந்த இலக்குகளும் சேர்ந்து சொன்னது இரண்டு விஷயம்: கோட்டுக்கு வெளியே கட்டாதே, கோட்டுக்கு உள்ளே கட்டு. முதல் பாதியை ஓரிகன் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியது. இரண்டாம் பாதியைக் காகிதத்தில் எழுதிவைத்துவிட்டுப் பெரும்பாலும் விட்டுவிட்டது. இன்று வீட்டு விலையாகவும் வாடகையாகவும் நம் தலையில் விடிவது அந்த இரண்டாம் பாதிதான் என்பது என் கருத்து.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அமெரிக்காவில் நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று விதி போடும் அதிகாரம் சட்டப்படி மாநிலத்துக்கு உரியது. 1920களில் மாநிலங்கள் அதை அப்படியே நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தூக்கிக் கொடுத்துவிட்டன. 1926இல் உச்ச நீதிமன்றம் ஒஹாயோவின் யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில் ஜோனிங், அதாவது எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று ஊரை மண்டலங்களாகப் பிரிக்கும் முறை, செல்லும் என்று சொன்னதும், ஊருக்கு ஊர் தனித்தனி விதி, தனித்தனி வரைபடம் என்று ஆகிப்போனது. இதில் சிக்கல் என்னவென்றால் ஒரு ஊர் தன் எல்லைக்குள் நன்றாகத் திட்டம் போட்டாலும் பக்கத்துக் கவுண்டி வயலில் மனைப்பிரிவு போட அனுமதித்தால் எல்லாம் வீண். வெள்ளமும் போக்குவரத்து நெரிசலும் நிலத்தடி நீரும் கவுண்டி எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. கொடுத்த அதிகாரத்தில் ஒரு பகுதியை மாநிலம் திரும்ப எடுத்துக்கொண்டதுதான் பின்னால் வளர்ச்சி மேலாண்மைக் கொள்கை என்று பெயர் பெற்றது. முதலில் செய்தது ஹவாய், 1961இல். கரும்பும் அன்னாசியும் விளைந்த நிலம் வீடுகளாகிவிடும் என்ற பயத்தில் மொத்தத் தீவுகளையும் நகரம், விவசாயம், பாதுகாப்பு என்று மாநிலமே பிரித்தது. 1970இல் வெர்மான்ட், ஸ்கீ விடுதிகளும் விடுமுறை வீடுகளும் மலைகளை மொய்க்க ஆரம்பித்தபோது, பெரிய கட்டுமானம் ஒவ்வொன்றையும் பத்து அளவுகோல்களை வைத்துப் பரிசீலிக்கும் சட்டம் கொண்டுவந்தது.

ஓரிகனுக்கு இந்த எண்ணம் கடற்கரையிலிருந்து வந்தது என்று சொல்லலாம். 1966இல் கேனன் பீச்சில் ஒரு மோட்டல் முதலாளி தன் விடுதிக்கு முன்னால் இருந்த காய்ந்த மணலை மரக்கட்டைகள் போட்டு மறித்து, தன் விருந்தினர்களுக்கு மட்டும் என்றார். ஈர மணல் 1913 முதலே பொதுச்சொத்து, காய்ந்த மணல் யாருடையது என்று யாரும் அதுவரை கேட்டதில்லை. அடுத்த வருஷம் மே மாதம் ஆளுநர் டாம் மெக்கால் சர்வேயர்களையும் கூட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் கடற்கரையில் போய் இறங்கி, மணலில் கம்பு நட்டு அளக்கவைத்துக் காட்டினார், பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில். 1967 கோடையில் கடற்கரைச் சட்டம் நிறைவேறியது. முழுக் கடற்கரையிலும் இன்றுவரை யார் வேண்டுமானாலும் நடக்கலாம். மெக்கால் குடியரசுக் கட்சிக்காரர், முன்னாள் செய்தியாளர், கேமராவுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர். 1971இல் தொலைக்காட்சிப் பேட்டியில், திரும்பத் திரும்ப வந்து பார்த்துவிட்டுப் போங்கள், தயவுசெய்து குடியேற மட்டும் வந்துவிடாதீர்கள் என்று அவர் சொன்னது நாடு முழுவதும் பேசப்பட்டது.

ஆனால் நிலச் சட்டத்தை உண்மையில் தூக்கிச் சுமந்தவர் ஹெக்டர் மெக்ஃபர்சன். லின் கவுண்டியில் பால்பண்ணை வைத்திருந்த விவசாயி, அவரும் குடியரசுக் கட்சிதான். கவுண்டித் திட்டக் குழுவில் உட்கார்ந்திருந்தபோது, பண்ணைகளுக்கு நடுவில் ஒன்றிரண்டாக வீட்டுமனைகள் முளைப்பதைப் பார்த்தார். வயலுக்கு நடுவில் பத்து வீடு வந்தால் போவது அந்தப் பத்து வீட்டு நிலம் மட்டும் இல்லை. குடிவந்தவர்கள் எருவின் நாற்றத்தைப் பற்றியும், மருந்து அடிப்பதைப் பற்றியும், அறுவடைக் காலத்தில் ராத்திரி ஓடும் இயந்திரச் சத்தத்தைப் பற்றியும் புகார் கொடுப்பார்கள். பக்கத்து நிலத்தின் விலை மனை விலையாக ஏறும், வரியும் கூட ஏறும், மாடு வளர்த்துச் சம்பாதிப்பதை விட விற்றுவிட்டுப் போவதே மேல் என்று அடுத்த விவசாயி முடிவு செய்வார். இப்படி ஒவ்வொருவராக. நம் ஊரில் நஞ்சைக்கு நடுவில் ஒரு லேஅவுட் வந்தபின் வாய்க்கால் என்ன கதிக்கு ஆளாகிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதற்கு முன்பே 1969இல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். எல்லா நகரமும் கவுண்டியும் 1971 முடிவதற்குள் தங்கள் நிலம் முழுவதற்கும் ஜோனிங் செய்ய வேண்டும் என்றது. ஆனால் பணமும் கொடுக்கவில்லை, எப்படிப்பட்ட திட்டம் நல்ல திட்டம் என்று அளவுகோலும் சொல்லவில்லை. பல கவுண்டிகள் கண்டுகொள்ளவே இல்லை. சரி, உள்ளூரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று, இனி மாநிலமே தரத்தை வகுக்க வேண்டும் என்று மெக்ஃபர்சன் கிளம்பினார். அவர் கேட்ட ஆய்வுக் குழுவுக்குச் சட்டமன்றம் பணம் ஒதுக்க மறுத்தது. ஆளுநர் அலுவலக ஆதரவோடு தானே ஒரு குழுவைக் கூட்டி மசோதா எழுதினார்.

1973 ஜனவரி 8 அன்று சட்டமன்றத்தைத் தொடங்கிவைத்துப் பேசிய மெக்கால் மூன்று எதிரிகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார்: கிழக்கே புதர்க்காட்டில் போடப்படும் மனைப்பிரிவுகள், கடற்கரையில் பிடித்திருக்கும் கான்டோ (அடுக்குமாடி வீடு) வெறி, வில்லமெட் பள்ளத்தாக்கை விழுங்கிக்கொண்டு வரும் புறநகர். முதலாவது வெறும் பேச்சு இல்லை. கிழக்கு ஓரிகனின் வறண்ட நிலத்தில் கிறிஸ்துமஸ் வேலி என்று ஆசை காட்டும் பெயரில் 1960களில் கலிபோர்னியாக்காரர்களுக்கு மனை விற்றிருந்தார்கள். மசோதா அப்படியே தேறவில்லை. வட்டாரக் குழுக்களுக்குத் திட்டமிடும் அதிகாரம் தருவதாக இருந்த பகுதியைத் தொழிற்சங்கத் தலைவர் எல்.பி. டே தலைமையில் கூடிய குழு வெட்டி எறிந்தது. திட்டம் போடுவது உள்ளூரின் வேலை, அது மாநில இலக்குகளுக்கு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது மாநிலத்தின் வேலை என்ற சமரசம் பிறந்தது. அதனால்தான் வாக்கு கிடைத்தது, அதனால்தான் சட்டம் இத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கவும் செய்தது. செனட்டில் 18க்கு 10, கீழவையில் 40க்கு 20. மே 29 அன்று மெக்கால் கையெழுத்திட்டார். செனட் மசோதா 100 என்ற அந்த எண்ணே இன்றும் அதன் பெயர்.

சட்டத்துக்குள் விதிகள் குறைவு. ஏழு பேர் கொண்ட, சம்பளம் இல்லாத ஒரு ஆணையத்தை அமைத்து, நீங்கள் மக்களிடம் கேட்டு இலக்குகளை வகுத்துக்கொண்டு வாருங்கள் என்றது. 1974 முழுக்க ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் வந்து பேசினார்கள். டிசம்பரில் 14 இலக்குகள் வந்தன, அடுத்த இரண்டு வருஷத்தில் ஆற்றங்கரைக்கும் கடலோரத்துக்கும் இன்னும் 5 சேர்ந்து 19 ஆயின. மூன்றாவது இலக்கு விவசாய நிலம், நான்காவது காடு, பத்தாவது வீட்டுவசதி, பதினான்காவது நகரமாக்கம். இந்தப் பதினான்காவதில்தான் கோடு வருகிறது: அடுத்த 20 வருஷத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், அவர்களுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று கணக்குப் போட்டு அந்த அளவுக்குக் கோட்டை வரை, தேவை நிரூபணமானால் நகர்த்து. அதாவது கோடு நகரவே கூடாது என்று யாரும் எப்போதும் சொல்லவில்லை. போர்ட்லண்ட் பெருநகரக் கோடு 1979இல் வரையப்பட்டது. அதைப் பார்த்துக்கொள்வதற்கென்றே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மெட்ரோ என்ற வட்டார அரசு இருக்கிறது. எல்லா நகரத் திட்டங்களும் ஒப்புதல் பெற்று முடிய 1986 ஆனது, முதலில் எதிர்பார்த்ததோ ஒரே வருஷம்.

வெளிப்பக்கத்துக் கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1993இல் வந்த சட்டத்தின்படி விவசாய மண்டலத்தில் நிலத்தைப் பிரித்தால் துண்டு பொதுவாக 80 ஏக்கருக்குக் குறையக் கூடாது. அடுத்த வருஷ விதி, நல்ல மண் உள்ள நிலத்தில் விவசாயி என்று சொல்லி வீடு கட்ட வருகிறவர் வருஷத்துக்கு 80,000 டாலர் விவசாய வருமானம் காட்ட வேண்டும் என்றது. அதாவது நாலு ஆட்டைக் கட்டிவைத்துப் பண்ணை என்று பெயர் போட்டுப் பங்களா கட்ட முடியாது. இதனால் பலன் இருந்ததா என்று கேட்டால், யாம்ஹில் கவுண்டிக்குப் போய்ப் பார்க்கலாம். 1970களின் தொடக்கத்தில் அங்கே திராட்சை நட்ட சில இளைஞர்கள், காட்சி நன்றாக இருக்கிறது என்று வீட்டுமனைக்குக் கண்வைத்திருந்த மலைச்சரிவுகளை விவசாய மண்டலமாகவே வைக்கச் சொல்லி கவுண்டியிடம் வாதாடி வென்றார்கள். இன்று உலகப் பெயர் பெற்ற ஓரிகன் பினோ நுவார் ஒயின் அந்தச் சரிவுகளில்தான் விளைகிறது.

இனி உள்பக்கம். பத்தாவது இலக்கு, ஒவ்வொரு நகரமும் எல்லா வருமானக்காரர்களுக்கும் ஏற்ற வகை வகையான வீடுகளுக்கு இடம் தர வேண்டும் என்கிறது. தொடக்கத்தில் இதைச் சும்மா விடவில்லை. மெக்காலும் ஹென்றி ரிச்மண்ட் என்ற வழக்கறிஞரும் 1975இல் தொடங்கிய 'ஓரிகனின் ஆயிரம் நண்பர்கள்' அமைப்பு, வயலைக் காக்க வழக்குப் போட்டதைப் போலவே வீடுகளுக்காகவும் வாதாடியது. 1978இல் டர்ஹம் என்ற குட்டிப் புறநகர், தன் எல்லைக்குள் வரக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து விதி போட்டபோது, அது பத்தாவது இலக்குக்கு விரோதம் என்று ஆணையம் தீர்ப்புச் சொன்னது. 1981இல் போர்ட்லண்ட் வட்டார நகரங்களுக்கு ஏக்கருக்கு இத்தனை வீடு என்று குறைந்தபட்ச அடர்த்தி வந்தது: ஊரைப் பொறுத்து 6, 8 அல்லது 10. புதிதாக வரும் வீடுகளில் பாதியாவது அடுக்குமாடியாகவோ ஒட்டிய வீடாகவோ இருக்க வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. நல்ல விதி. ஆனால் அது காலியிடத்துக்கான விதி. ஏற்கெனவே கட்டி முடிந்த தெருக்களில், ஒரு மனைக்கு ஒரே ஒரு தனி வீடு என்ற ஜோனிங்கை யாரும் தொடவில்லை. வாக்குப் போடுகிறவர்கள் அந்தத் தெருக்களில்தானே குடியிருந்தார்கள். விவசாயிக்கு உன் நிலத்தைப் பிரிக்காதே என்று சொன்ன மாநிலம், நகரத்து வீட்டுக்காரரிடம் பக்கத்து மனையில் இரண்டு வீடு வந்தால் தடுக்காதே என்று சொல்ல இன்னும் நாற்பது வருஷம் எடுத்துக்கொண்டது.

சட்டத்துக்கு எதிர்ப்பு நகரத்திலிருந்து வரவில்லை, கிராமப்புற நில உரிமையாளர்களிடமிருந்து வந்தது. 1976, 1978, 1982 என்று மூன்று முறை சட்டத்தை ஒழிக்கவோ முடக்கவோ வாக்கெடுப்பு நடந்தது, மூன்றிலும் மக்கள் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். கடைசி முறை மெக்காலுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. அந்த நிலையிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். வாக்கெடுப்பு முடிந்து இரண்டு மாதத்தில், 1983 ஜனவரி 8 அன்று இறந்தார். சட்டமன்றத்தில் அந்த உரையை ஆற்றிச் சரியாகப் பத்து வருஷம்.

இருபது வருஷம் கழித்து நிலைமை மாறியது. 2004இல் தீர்மானம் 37 வாக்கெடுப்புக்கு வந்தது. அது கேட்டது எளிமையான விஷயம்: நான் நிலம் வாங்கிய பிறகு நீ விதி போட்டு என் நிலத்தின் மதிப்பைக் குறைத்தால், நஷ்ட ஈடு கொடு, இல்லையென்றால் அந்த விதியை எனக்குத் தள்ளுபடி செய். விளம்பரத்தில் பேசியவர் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. 1950களில் வாங்கிய நிலத்தைத் தன் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்றார். யாருக்குத்தான் மனது கேட்கும்? 61 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அந்தப் பாட்டியின் குறை பொய்யில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருந்த நிலத்துக்கு விலை எகிறியது, வெளியே இருந்த நிலம் பயிர் விலையிலேயே நின்றது. லாபம் பெற்றவரிடமிருந்து இழந்தவருக்கு ஏதாவது போய்ச் சேர வழி செய்யுங்கள் என்று 1970களிலேயே பேச்சு எழுந்தது, யாரும் செய்து முடிக்கவில்லை. செய்யாமல் விட்டதற்கு விலைதான் தீர்மானம் 37.

நஷ்ட ஈடு கொடுக்க எந்தக் கவுண்டியிடமும் பணம் இல்லை, எனவே நடைமுறையில் எல்லாம் தள்ளுபடிதான். மூன்று வருஷத்தில் ஏறக்குறைய 7,000 மனுக்கள், ஏழு லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம். பிள்ளைக்கு ஒரு வீடு என்று நினைத்து வாக்குப் போட்டவர்கள், பக்கத்து வயலில் நூறு வீட்டு மனைப்பிரிவுக்கு மனு வந்திருப்பதைப் பார்த்தார்கள். எண்பது வயதைத் தாண்டியிருந்த மெக்ஃபர்சன் இந்தத் தீர்மானத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் முதல் பெயராக நின்றார். 2006இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்மானம் செல்லும் என்றது. அப்புறம் 2007இல் தீர்மானம் 49 வந்தது: பெரும்பாலானோருக்கு ஒன்று முதல் மூன்று வீடு, சிலருக்கு நிபந்தனையோடு பத்து வரை, நல்ல விவசாய நிலத்தில் பெரிய மனைப்பிரிவு கிடையாது. 62 சதவீத ஆதரவு. மூன்று வருஷத்தில் அதே மக்கள் இரண்டு பக்கமும் வாக்களித்ததை நான் தடுமாற்றமாகப் பார்க்கவில்லை. குடும்பத்துக்கு நியாயம் வேண்டும், பள்ளத்தாக்கும் பிழைக்க வேண்டும் என்று இரண்டையும் கேட்டார்கள்.

கோட்டை நகர்த்திவிட்டால் வீடு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் டமாஸ்கஸ் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2002இல் மெட்ரோ ஒரேயடியாக 18,000 ஏக்கருக்கு மேல் கோட்டுக்குள் கொண்டுவந்தது, அதில் பெரும்பகுதி போர்ட்லண்டுக்குத் தென்கிழக்கே டமாஸ்கஸைச் சுற்றிய மேட்டு நிலம். தங்கள் தலைவிதியைத் தாங்களே முடிவுசெய்வோம் என்று அங்கிருந்தவர்கள் 2004இல் தனி நகரமாக ஆனார்கள். ஆனால் சாக்கடைக் குழாய் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, மேடும் ஓடையுமான இடத்தில் அவற்றைப் பதிக்கக் கோடிக்கணக்கில் செலவு, அதை யார் கட்டுவது என்பதில் ஒற்றுமை இல்லை. திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோதெல்லாம் தோற்றது. கடைசியில் 2016இல் நகரத்தையே கலைத்துவிட வாக்களித்தார்கள். வரைபடத்தில் பல வருஷம் நகர நிலமாக இருந்த இடம் பெரும்பாலும் குதிரைக் கொட்டிலும் நர்சரியுமாகவே இருந்தது.

மற்ற மாநிலங்களும் இதே காலத்தில் முயன்றன. ஃபுளோரிடா 1985இல், சாலையும் தண்ணீரும் தயாராக இல்லாத இடத்தில் அனுமதி இல்லை என்று விதித்தது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் நகரத்துச் சாலைகள்தான் ஏற்கெனவே நிரம்பியிருந்தன, காலிச் சாலை ஊருக்கு வெளியில் இருந்தது, எனவே கட்டுகிறவர்கள் வெளியே போனார்கள். எதைத் தடுக்க வந்த விதியோ அதையே வளர்த்தது. 2011இல் திட்டங்களைப் பரிசீலித்த மாநிலத் துறையையே மூடிவிட்டார்கள். வாஷிங்டன் மாநிலம் 1990இல் ஓரிகனைப் பார்த்துக் கோடு போட்டது. மேரிலண்ட் 1997இல் தடுப்பதை விட்டுவிட்டு, குறிப்பிட்ட பகுதிகளில் கட்டினால்தான் மாநிலப் பணம் என்று வேறு வழியில் போனது.

கோடுதான் விலையை ஏற்றுகிறதா? கோட்டுக்குள் நிலம் அளவானது, அதனால் விலை ஏறும், இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் இப்படி எந்த மாநிலக் கோடும் இல்லாத ஐடஹோவின் பாய்சியிலும் விலை தாறுமாறாக ஏறியதே. வெளியே போகவும் விடாமல், உள்ளே மேலே எழும்பவும் விடாமல் இரண்டு பக்கமும் அடைத்தால் விலை ஏறாமல் என்ன செய்யும் என்பதே நான் கேட்பது. 1970இல் ஓரிகன் மக்கள்தொகை சுமார் 21 லட்சம், 2020இல் 42 லட்சம். இரட்டிப்பான மக்களை அதே தனி வீட்டுத் தெருக்களுக்குள் எப்படி அடக்குவது?

இதற்குப் பதில் 2019இல்தான் வந்தது. 25,000க்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் குடியிருப்புப் பகுதிகளில் இரண்டு, மூன்று, நான்கு வீடுகள் சேர்ந்த கட்டடங்களையும் டவுன்ஹோம்களையும் அனுமதிக்க வேண்டும், 10,000க்கு மேல் உள்ள ஊர்களில் இரட்டை வீடுகளையாவது அனுமதிக்க வேண்டும் என்று சட்டமன்றம் விதித்தது. அமெரிக்காவில் ஒரு மாநிலம் முழுவதற்குமாக இப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அப்போது அவைத் தலைவராக இருந்து அதை முன்னெடுத்த டினா கோடெக் 2023இல் ஆளுநராகி, வருஷத்துக்கு 36,000 வீடு என்று இலக்கு வைத்தார். அந்த எண்ணிக்கை இன்னும் எட்டிப்பிடிக்காத தூரத்தில்தான் இருக்கிறது. 2024இல் வந்த சட்டம், வீட்டுத் தட்டுப்பாட்டை நிரூபிக்கும் நகரங்கள் ஒரே ஒரு முறை சுருக்கு வழியில் கோட்டை நகர்த்தலாம் என்றது: சிறிய ஊருக்கு 50 ஏக்கர், 25,000 பேரைத் தாண்டிய ஊருக்கு 100 ஏக்கர், கட்டும் வீடுகளில் 30 சதவீதம் எளிய வருமானக்காரர்களுக்கு எட்டும் விலையில். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் சிலருக்கு இதில் வருத்தம், கோட்டை ஒரு முறை இப்படி நகர்த்தினால் அடுத்தமுறையும் கேட்பார்கள் என்று. அந்தப் பயம் எனக்கும் உண்டு.

ஆனாலும் எங்கள் பகுதியில் ஒரு மூலைமனையைப் பார்க்கும்போது நம்பிக்கை வருகிறது. ஒரு பழைய ஒற்றை மாடி வீடு இருந்த இடம். இப்போது நான்கு வாசல், நான்கு தபால் பெட்டி, முன்னால் இரண்டு குழந்தை சைக்கிள், ஒரு வாசலில் மாக்கோலம்கூட இருக்கிறது. அங்கிருந்து வடக்கே காரில் போனால் சற்று நேரத்தில் வயல் வந்துவிடும், அக்டோபரில் ஹேசல்நட் பொறுக்கும் இயந்திரம் புழுதி கிளப்பிக்கொண்டு மர வரிசைகளுக்கு நடுவே போவதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.